16ஆம் கல்லில் இறங்கிக்கொள்ளும் காற்று

இந்த நாட்டில் சட்டத்துக்கு அடங்கி நடக்கும் பொருள் ஒன்றே ஒன்றுதான். அது கதிர்வீச்சு. அணுமின் நிலையத்தைச் சுற்றி 1.5 கிலோமீட்டருக்குள் ஒருவரும் குடியிருக்கக் கூடாது என்று எழுதிவைத்தால் அதைப் படித்துக்கொள்ளும். 5 கிலோமீட்டருக்குள் மக்கள்தொகை 20,000-க்குள் இருந்தால் விரும்பத்தக்கது என்று எழுதினால், தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு அதற்கேற்ப அடக்க ஒடுக்கமாக நடந்துகொள்ளும். அவசரகாலத் திட்டம் 16 கிலோமீட்டர் வட்டத்துக்கு மட்டும் போதும் என்று காம்பஸ் வைத்துக் கோடு போட்டுவிட்டால் முடிந்தது. கூடங்குளத்தில் ஏறிய காற்று 16ஆம் கல் வந்ததும், நடத்துநர் விசில் ஊத, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிடும்.

அந்த 5 கிலோமீட்டர் வட்டத்துக்கு முதலில் அணுசக்திக்காரர்கள் வைத்த ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால் 'மலடாக்கப்பட்ட மண்டலம்' என்று வரும். புதிய ஆலைகள், புதிய குடியேற்றங்கள் கூடாது, பிள்ளை பெற்றுப் பெருகிக்கொள்ளலாம் என்பது பொருள். பிற்பாடு யாருக்கோ கூச்சம் வந்து 'இயற்கை வளர்ச்சி மண்டலம்' என்று மாற்றினார்கள். பேர் மாறியது. ஊர் அங்கேயேதான் இருக்கிறது. 2004 சுனாமியில் வீடிழந்தவர்களுக்குக் கட்டிக்கொடுத்த குடியிருப்பும் ஆலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடலுக்குப் பயந்து வந்தவனுக்கு இதைவிட நல்ல காவல் யார் கொடுப்பார்கள்?

நான் இருப்பது சேத்தூரில். மேற்கே மலை, கிழக்கே கண்மாயும் வயலும், ஊடே தென்காசிக்குப் போகிற நெடுஞ்சாலை. பறவைக் கணக்கில் கூடங்குளம் எங்களுக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். அதாவது, அரசாங்கம் போட்ட கணக்கின்படி எங்களுக்கு 124 கிலோமீட்டர் உபரிப் பத்திரம் கையில் இருக்கிறது. இதை ஆலைக்குப் பக்கத்திலேயே இருக்கிற இடிந்தகரைக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட முடியுமா என்றுகூட யோசித்ததுண்டு.

யோசிக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது. 2012-ல் கூடங்குளத்துக்காகக் கைதட்டியவர்களில் நாங்களும் உண்டு. அந்த வருஷம் சென்னைக்கு இரண்டு மணி நேரம் மின்வெட்டு. எங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள் ஊமையாகக் கிடந்தன. "கரண்டு வந்தாப் போதும் அண்ணாச்சி, அது எங்கிட்டு இருந்து வந்தா நமக்கென்ன" என்றார் ஒரு தறிக்காரர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பசித்தவனிடம் அடுப்பு எங்கே எரிகிறது என்று கேட்டால் அவன் சட்டியைத்தான் பார்ப்பான். அந்தப் பசியை வைத்துத்தான் கூடங்குளத்தை விற்றார்கள்.

விற்ற அழகையும் சொல்ல வேண்டும். மக்களின் அச்சம் தீரும்வரை வேலையை நிறுத்துங்கள் என்று தமிழக அமைச்சரவை தீர்மானம் போட்டது 22 செப்டம்பர் 2011-ல். பிறகு அச்சத்தை அளந்து சொல்ல ஒரு நிபுணர் குழு. அதில் அணுசக்தி ஆணையத்தின் முன்னாள் தலைவர் எம்.ஆர். சீனிவாசனும் ஓர் உறுப்பினர். மாப்பிள்ளை எப்படி என்று விசாரிக்க மாப்பிள்ளையின் தகப்பனாரையே அனுப்பிய பெண் வீட்டார் நாம். நடுவில் எங்கள் பக்கத்து ஊரான சங்கரன்கோவிலில் இடைத்தேர்தல். 18 மார்ச் 2012 வாக்குப்பதிவு. மறுநாளே, 19ஆம் தேதி, அச்சம் தீர்ந்துவிட்டது என்று அமைச்சரவை கண்டுபிடித்தது. சங்கரன்கோவில்காரன் விரலில் வைத்த மை அப்போது சரியாகக் காய்ந்துகூட இருக்காது. 500 கோடி ரூபாய்க்கு வளர்ச்சித் திட்டமும் கூடவே வந்தது. ஆறு மாத அச்சத்தைத் தேர்தலுக்கு மறுநாள் குணப்படுத்துகிற வைத்தியம், எந்த ஊர்ப் புற்றுமண்ணிலும் கிடையாது.

போகட்டும். அணு உலை கட்டுகிறவர்கள் விபத்தை முன்கூட்டியே நினைத்து என்னென்ன கட்டிவைக்க வேண்டும் என்று பார்ப்போம். 1979-ல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டில் உலை உருகியபோது கட்டுப்பாட்டு அறைக்குள் சந்தைக் கூட்டம். யார் இயக்குகிறார், யார் யோசனை சொல்கிறார், யார் வேடிக்கை பார்க்கிறார் என்றே தெரியவில்லை. அதற்குப் பிறகு எழுதிய விதிகளில், யோசனை சொல்கிறவர்களுக்குத் தனி நிலையம் வேண்டும், அது கட்டுப்பாட்டு அறையிலிருந்து இரண்டு நிமிட நடைக்குள் இருக்க வேண்டும், வெளியே ஊரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குத் தொலைவில் இன்னொரு நிலையம் வேண்டும் என்று நிமிடக் கணக்கில் எழுதினார்கள். அடிபட்டுக் கற்ற பாடம்.

ஜப்பான்காரனும் அடிபட்டுத்தான் கற்றான். 2007-ல் காஷிவாசாகி-கரிவா அணுமின் நிலையத்தைப் பூகம்பம் உலுக்கியபோது, அவசரகால அறையின் கதவு சிக்கிக்கொண்டு திறக்கவில்லை. உலகத்திலேயே அதிகத் திறன் கொண்ட அணுமின் நிலையம் அது. அதன் அவசர அறைக்குள் அவசரத்துக்கு நுழைய முடியவில்லை. அந்த வெட்கத்தில்தான் அதை நடத்திய நிறுவனமே ஃபுகுஷிமா டாய்ச்சியில் பூகம்பம் தாங்கும் கட்டடம் ஒன்றைக் கட்டி 2010 ஜூலையில் திறந்தது. எட்டே மாதம். 2011 மார்ச் 11-ல் கடல் உள்ளே வந்தது. கடைசிவரை நின்று போராடிய ஊழியர்கள் அந்தக் கட்டடத்துக்குள் உட்கார்ந்துதான் போராடினார்கள். ஒரு கதவு திறக்காமல் போன கதையை வெளியே சொன்னதால் கிடைத்த கட்டடம் அது.

ஆனால் ஊரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய வெளி நிலையம்? அது ஓக்குமா நகரில், உலையிலிருந்து 5 கிலோமீட்டரில் இருந்தது. பூகம்பத்தில் மின்சாரம் போனது, தொலைபேசிகள் செத்தன. கதிர்வீச்சுத் தூசியை வடிகட்ட அந்தக் கட்டடத்தில் வசதியே இல்லை. வசதி செய்யுங்கள் என்று அரசின் இன்னொரு துறை 2009-லேயே எழுதிக் கொடுத்திருந்தது. மார்ச் 15-ல், மக்களை வெளியேற்ற வேண்டிய அதிகாரிகள் தங்களையே வெளியேற்றிக்கொண்டு ஃபுகுஷிமா நகருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஃபுத்தாபா மருத்துவமனையின் முதிய நோயாளிகளை ஏற்றிக்கொண்டு பேருந்துகள் மணிக்கணக்கில் அலைந்தன; நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களைக் கொன்றது கதிர்வீச்சு அல்ல, இடம் மாற்றிய விதம். காற்று எந்தத் திசையில் போகிறது என்று கணிக்கிற கணினி இருந்தது. கணிப்பு ஊர்க்காரர்களுக்கு வரவில்லை. நாமியே நகரத்து மக்கள் பாதுகாப்பு என்று நம்பி ஓடிய திசையில்தான் கதிர்வீச்சும் போனது. 40 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஈதாத்தே கிராமத்தின் பெரும்பகுதி எந்த வட்டத்திலும் இல்லை. ஏப்ரல் பிற்பகுதியில்தான் அவர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். அந்த ஊர்க் காற்றுக்குக் கல்வியறிவு போதாது போலிருக்கிறது. எங்கே இறங்குவது என்று தெரியவில்லை.

நம் காற்று அப்படியல்ல. ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வருகிற காற்றை நம்பி முப்பந்தல் தொடங்கி ராதாபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறோம். ஆனியிலும் ஆடியிலும் மனிதனையே தள்ளுகிற காற்று. அதன் வேகத்தையும் திசையையும் மாதவாரியாகக் கணக்கெடுத்துக் காசாக்குகிற அதே மண்ணில், அவசரத் திட்டம் மட்டும் காம்பஸ் வட்டமாக இருக்கிறது.

திட்டத்தின் உள்ளே போனால் இன்னும் அழகு. நம் விதிப்படி அவசரம் மூன்று படி. ஆலைக்குள்ளே ஒன்று, ஆலை வளாகம் முழுவதும் ஒன்று, வளாகத்துக்கு வெளியே ஒன்று. முதல் இரண்டும் அணுசக்திக்காரர்கள் பொறுப்பு. உலகத்தையே கெடுக்கக்கூடிய மூன்றாவது படி வந்ததும் அது மாவட்ட ஆட்சியர் பொறுப்பு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் முதியோர் உதவித்தொகை மனு வாங்குகிற கை. அதே கை காற்றின் திசை பார்த்து, அயோடின் மாத்திரை பிரித்து, பேருந்து வரவழைத்து, பள்ளிக்கூடத்தைத் திறந்து, ஊரை நகர்த்த வேண்டும். ஆட்சியர் வட்டாட்சியரிடம் சொல்வார், வட்டாட்சியர் வருவாய் ஆய்வாளரிடம், அவர் வி.ஏ.ஓ.விடம், வி.ஏ.ஓ. தலையாரியிடம். ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் உலையின் கடைசிப் பாதுகாப்புச் சுவர், தெருவில் சைக்கிள் மிதித்துப் போகிற தலையாரி.

ஆட்சியர்களைக் கேலி செய்யவில்லை. அவர்கள் கையில் என்ன கொடுத்திருக்கிறோம் என்பது எங்கள் மாவட்டத்துக்கு நன்றாகத் தெரியும். 5 செப்டம்பர் 2012. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. 38 பேர் செத்தார்கள். அவர்களில் பலர் ஆலையில் வேலை பார்த்தவர்கள்கூட அல்ல, புகையைப் பார்த்து ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்கள். கிட்ட வராதே என்று சொல்ல ஆளில்லை. கயிறு கட்ட ஆளில்லை. வெந்தவர்களை மதுரைக்கு ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். நூறு வருஷமாக மருந்து இடிக்கிற மாவட்டத்தில், எது வெடிக்கும், எப்படி வெடிக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஊரில், கண்ணுக்குத் தெரிகிற நெருப்புக்கு நம் ஏற்பாடு இவ்வளவு. கண்ணுக்குத் தெரியாததற்கு ஏற்பாடு பலமாக இருக்கிறதாம். நம்புங்கள்.

நம்பாதவர்களுக்காக ஒத்திகை நடத்திக் காட்டினார்கள். 9 ஜூன் 2012, சனிக்கிழமை, நக்கனேரியில். சின்னஞ்சிறு கிராமம். ஆலையை எதிர்த்து மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்திருந்த இடிந்தகரையில் ஒத்திகை இல்லை. அங்கே ஆட்கள் அதிகம், கேள்விகள் அதைவிட அதிகம். கல்யாண வீட்டில் பந்திக்கு ஒத்திகை பார்க்க வேண்டும் என்றால் ஆயிரம் இலை போட்டுப் பார்க்க வேண்டும். நம் ஆட்கள் பத்து இலை போட்டு, பாயசம் பிரமாதம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். அந்த ஒத்திகை நீதிமன்றத்துக்கும் சான்றாகப் போனது. 6 மே 2013-ல் உச்ச நீதிமன்றம் 15 நிபந்தனைகளோடு ஆலைக்கு வழிவிட்டது. வளாகத்துக்குள்ளும் வெளியிலும் அவ்வப்போது ஒத்திகை நடத்த வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. போராடியவர்கள் மீதுள்ள வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்பதும் உண்டு. ஜூலை 13-ல் உலை எரியத் தொடங்கியது. உலைக்கு இரண்டு மாதத்தில் வந்த வேகம், வழக்கைத் திரும்பப் பெறுவதற்கு வருஷக்கணக்கில் வரவில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அந்தச் சுரைக்காயாவது ஏட்டில் கண்ணுக்குத் தெரியும். இங்கே ஏட்டைப் பார்க்கவே மனுப்போட வேண்டும். மத்தியத் தகவல் ஆணையம் 2012 ஏப்ரலில் உத்தரவிட்ட பிறகும் பாதுகாப்புப் பகுப்பாய்வு அறிக்கை ஊர்க்காரர் கைக்கு வரவில்லை.

ஒத்திகைகளில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அவற்றில் வரும் விபத்து எப்போதும் தனியாகவே வருகிறது. வெயில் அடிக்கிறது, சாலை காய்ந்து கிடக்கிறது, செல்போன் டவர் வேலை செய்கிறது, ஆம்புலன்ஸ் சாவியோடு நிற்கிறது. நிஜ விபத்து கூட்டாளிகளோடு வரும். ஃபுகுஷிமாவில் பூகம்பத்தோடும் சுனாமியோடும் வந்தது. நமக்கு எதனோடு வரும் என்று தெரியவேண்டுமானால் 2023 டிசம்பரை நினைத்துக்கொள்ளுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை தாண்டியது. 17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் மண் இல்லை. கடைசிப் பயணிகள் வெளியே வர 19ஆம் தேதி ஆனது. அதுவரை சோறு போட்டது எந்தத் திட்டமும் அல்ல. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் அரிசியைப் பொங்கிப் போட்டார்கள். ஸ்ரீவைகுண்டம் கூடங்குளத்திலிருந்து நேர்க்கோட்டில் 55 கிலோமீட்டர்தான். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நமக்கான பட்டாலியன் இருப்பது அரக்கோணத்தில், சாலை வழியே 600 கிலோமீட்டருக்கும் மேலே. ஒரு ரயிலை இரண்டு நாளில் காலி செய்த நாம், 16 கிலோமீட்டர் வட்டத்தை எத்தனை மணி நேரத்தில் காலி செய்வோம்? அப்போது வல்லத்தில் கடலுக்குள் நிற்கிறவனுக்கு யார் போய்ச் சொல்வது, கரைக்கு வா என்றா, வராதே என்றா?

மாத்திரைக்கு வருகிறேன். அயோடின் மாத்திரையைக் கதிர்வீச்சு வருவதற்குச் சற்று முன்போ, வந்த சில மணி நேரத்துக்குள்ளோ விழுங்கினால்தான் பலன். மிஹாரு என்ற சிறு ஜப்பானிய நகரம், மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திராமல் 2011 மார்ச் 15-ல் தானாகவே தன் மக்களுக்கு மாத்திரை கொடுத்தது. மேலிடம் என்ன செய்தது தெரியுமா? கொடுத்ததைத் திரும்ப வாங்கு என்றது. நகர அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். நம் ஊரில் இப்படி ஒரு வி.ஏ.ஓ. தானாக முடிவெடுத்தால், கதிர்வீச்சு அடங்குவதற்குள் அவருக்கு 17(பி) ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ் வந்துவிடும்.

இவ்வளவும் ஒரு பக்கம். மறுபக்கம், ஓடு என்று சொன்னால் ஜனம் ஓட வேண்டும். இரு என்றால் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டும். அதற்குச் சொல்கிறவன் வாய்மேல் நம்பிக்கை வேண்டும். 29 அக்டோபர் 2019 அன்று, கூடங்குளத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் இணையத் தாக்குதல் நடக்க வாய்ப்பே இல்லை என்று நிலையம் அறிக்கை விட்டது. 30ஆம் தேதி, ஆமாம், நிர்வாகக் கணினி ஒன்றில் தீங்குநிரல் இருந்தது, செப்டம்பரிலேயே எங்களுக்குத் தெரியும் என்றது அணுமின் கழகம். உலையைத் தொடவில்லை என்றார்கள்; இருக்கட்டும். முதல் நாள் இல்லை, மறுநாள் ஆமாம். இந்த வாய்தான் ஒருநாள் ஒலிபெருக்கியில் "பயப்பட வேண்டாம், வீட்டுக்குள்ளேயே இருங்கள்" என்று சொல்லப்போகிறது.

அமெரிக்காவில் நியூயார்க்குக்குப் பக்கத்தில் ஷோரெஹாம் என்று ஓர் அணுமின் நிலையம் கட்டினார்கள். சுமார் 600 கோடி டாலர் செலவு. 1983-ல் அந்தப் பகுதியின் உள்ளாட்சி மன்றம், எங்கள் மக்களைப் பத்திரமாக வெளியேற்ற வழியே இல்லை என்று தீர்மானம் போட்டது. மாநில ஆளுநர் மாரியோ குவோமோ வெளியேற்றத் திட்டத்தை ஏற்க மறுத்தார். ஒரு நாள்கூட வணிகத்துக்கு ஓடாமல் ஆலை மூடப்பட்டது. வெளியேற வழி இல்லாத வீட்டில் அடுப்பு மூட்டாதே என்று ஓர் உள்ளாட்சி சொன்னது, நின்றது. நம் ஊராட்சிகளும் கூடங்குளம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டுப் பார்த்தன. நம் வழக்கப்படி, போராடிய ஊர்க்காரர்கள்மேல் தேசத்துரோக வழக்குப் போடப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள்மேல். ஒரு வட்டாரத்தில் இத்தனை தேசத்துரோகிகள் இருந்தால், அந்த வட்டாரத்தில் போய் அணு உலை வைத்தவனை அல்லவா முதலில் விசாரிக்க வேண்டும்?

சரி, இந்த அரசாங்கத்துக்கு அவசரகாலத் திறமையே கிடையாது என்று நான் சொன்னால் அது அபாண்டம். உண்டு. கண்ணால் பார்த்திருக்கிறோம். 19 மார்ச் 2012 அன்று கூடங்குளம் இருக்கும் ராதாபுரம் தாலுகாவில் 144 தடை உத்தரவு. விடிவதற்குள் ஆயிரக்கணக்கில் போலீஸ். எந்த ஊருக்கு எந்தச் சாலை, எந்தச் சாலைக்கு எந்தக் குறுக்குப் பாதை என்று அத்தனையும் தெரிந்திருந்தது. இடிந்தகரைக்குப் போகும் பேருந்து நின்றது. பாலும் காய்கறியும் வழியிலேயே நின்றன. செப்டம்பர் 10-ல் கடற்கரையில் கண்ணீர்ப்புகை. ஜனம் கடலுக்குள் இறங்கியது. மணப்பாட்டில் துப்பாக்கிச் சூடு, ஒரு மீனவர் செத்தார். அந்த நாட்களில் கடலோரக் காவல் படை விமானம் ஜனத்தின் தலைக்கு மேலே தாழப் பறந்தது. சிவகாசியில் கயிறு கட்ட ஆளில்லாமல் போன ஐந்தாம் நாள்தான் அந்தச் செப்டம்பர் 10. தரை, கடல், ஆகாயம் மூன்றும் ஒரே கட்டளையில் ஒருங்கிணைந்து நகர்ந்தன. தொலைத்தொடர்பு அறுந்ததாகப் புகார் இல்லை. வண்டிக்கு டீசல் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அரக்கோணம் தூரம் என்று யாரும் சொல்லவில்லை.

அதுதான் கூடங்குளத்தில் முழு அளவில் நடந்த அவசரகால ஒத்திகை. நக்கனேரியில் நடந்ததெல்லாம் நாடகம். உலை கெட்டால் என்ன செய்வது என்பதற்கு அவர்களிடம் தாள் இருக்கிறது. ஊர் கேள்வி கேட்டால் என்ன செய்வது என்பதற்குப் படையே இருக்கிறது.

சத்திரப்பட்டித் தறிக்காரரை அண்மையில் பார்த்தேன். இப்போது கரண்டு பரவாயில்லை என்றார். கூடங்குளத்தில் 1, 2 ஓடுகின்றன, 3, 4, 5, 6 எழும்பிக்கொண்டிருக்கின்றன என்றேன். "ஆறா?" என்றார். தறியிலிருந்து இறங்கிய காஸ் துணியை விரலில் தடவிப் பார்த்துக்கொண்டே, "அம்புட்டு ஜனத்தையும் எந்த வண்டில ஏத்துவாங்க அண்ணாச்சி?" என்று கேட்டார்.

வண்டிக்குக் குறைச்சல் இல்லை. 2012 மார்ச்சில் ராதாபுரம் பக்கம் வந்த போலீஸ் வேன்களின் எண்ணிக்கை ஏதாவது ஓர் அலுவலகக் கோப்பில் இருக்கும். அந்த எண்ணை எடுத்து வெளியேற்றத் திட்டத்தின் வாகனப் பட்டியலில் அப்படியே எழுதிக்கொள்ளலாம். ஓட்டுநர்களுக்கு வழி தெரியும், ஊர்களின் பெயர் தெரியும், சந்து பொந்து தெரியும். ஒரே ஒரு திருத்தம்: அடுத்த முறை வரும்போது வெறும் வண்டியாக வரட்டும்.